போலீஸ் பூத்தை ஏரிக்கரையில் இறக்கிய ஞானசுந்தரி மேடம்

காலையில் போன் போட்டு என்னைத் திட்டியவர் மத்தியானம் இல்லை என்றால் யார் நம்புவார்கள்? நான் நம்பவில்லை. கடையில் ஒரு அம்மாவின் ஆதார் தாளை லேமினேஷன் மெஷினுக்குள் விட்டுக்கொண்டிருந்தேன். நம் நகர் நலச் சங்கத்து வாட்ஸப் குழுவில் தலைவர் ஏகாம்பரம் அண்ணன் போட்ட செய்தி வந்தது. ஓய்வுபெற்ற சிறப்பு உதவி ஆய்வாளர் ஞானசுந்தரி மேடம் இன்று மதியம் இயற்கை எய்தினார் என்று இருந்தது. அதற்கு மேலே தண்ணீர் லாரி எப்போது வரும் என்ற கேள்வி, கீழே யாரோ அனுப்பிய ரோஜாப்பூ. ஒரு புண்ணியவான் இரங்கல் செய்திக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தார். நான் அவசரமாக, 'தவறான தகவல், காலையில்கூட மேடம் என்னிடம் பேசினார்' என்று பதில் போட்டேன். பேசினார் என்பது நாகரிகத்துக்குச் சொன்னது. என் கடை போர்டை நடைபாதையில் வைத்திருக்கிறேன், கண் தெரியாதவர் வந்தால் எங்கே நடப்பார் என்று காய்ச்சி எடுத்திருந்தார்.

அண்ணன் உடனே கூப்பிட்டார். "பாலு, நான் அவங்க வீட்லதான்டா நிக்கிறேன்" என்றார். சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் செய்தித்தாளோடு சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். ஆதார் தாள் மெஷினுக்குள் மாட்டிச் சுருண்டுபோயிருந்தது. அந்த அம்மா விஷயத்தைக் கேட்டதும், "போவுது தம்பி, நீ போய்ப் பாத்துட்டு வா" என்றார். அவருக்கும் மேடத்தைத் தெரிந்திருந்தது.

நம் சங்கப் பத்திரிகையான 'நகர் மலர்' இந்த இதழில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு எழுத வரும் என்பதற்காக அல்ல, அச்சடித்துக் கொடுப்பவனும் நான்தான் என்பதற்காக. படிக்கப்போகிற நீங்கள் எல்லாரும் அவரிடம் ஒரு தடவையாவது வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். நான் கூட்டிச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவீர்கள். குறைத்துச் சொன்னால் அவரே வந்து கேட்பார்.

புதிதாகக் குடிவந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. காவல் துறையில் பெண் காவலராகச் சேர்ந்து, தாம்பரத்தைச் சுற்றியே பல நிலையங்களில் வேலை பார்த்து, எஸ்.எஸ்.ஐ. ஆக ஓய்வு பெற்றவர். கணவர் சீக்கிரமே தவறிவிட்டார். ஒரே மகள் திருச்சியில். மேடம் ஓய்வு பெற்றாரே தவிர அவருடைய குரல் ஓய்வு பெறவில்லை. சாலை முனையில் நின்று அவர் "ஏய்" என்று ஒரு குரல் கொடுத்தால் போகிற ஷேர் ஆட்டோ எல்லாம் நிற்கும். எந்தத் தப்பும் செய்யாத நானும் நிற்பேன்.

எனக்கு அவர் அறிமுகமானது என் கடையில்தான். என் கடை காவல் நிலையத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. புகார் கொடுக்க வருகிறவர்களிடம் நிலையத்தில், "பேப்பர் ஸ்டாக் இல்லப்பா, எதிர்க்கடையில ஒரு பண்டல் வாங்கினு வந்துடு" என்பார்கள். இது அந்த ஒரு நிலையத்து வழக்கமா, எல்லா இடத்திலும் உண்டா என்று நான் விசாரித்ததில்லை. விசாரிக்க வேண்டிய அவசியமும் எனக்கு இல்லை. ஊரில் திருட்டு கூடினால் என் வியாபாரமும் கூடும். கூட வேண்டும் என்று நான் சாமி கும்பிட்டதில்லை, அவ்வளவுதான்.

அன்று மின்சார ரயிலில் செல்போனைத் தொலைத்த ஒரு பெரியவர் வந்து காசைக் கொடுத்துப் பண்டல் கேட்டார். பென்ஷன் தாள்களை நகலெடுக்க வந்திருந்த மேடம் பக்கத்தில் நின்றிருந்தார்.

"உங்களுக்கு எதுக்குய்யா இத்தனை பேப்பர்?"

"ஸ்டேஷன்ல கேக்கறாங்கம்மா. போன் காணாப்போச்சு."

"போனும் போய், பேப்பரும் போவணுமா? தம்பி, அவர் காசத் திருப்பிக் குடு."

நான் கொடுத்தேன். அந்தக் குரலுக்கு எதிரே கொடுக்காமல் இருக்க முடியாது. பெரியவரைக் கூட்டிக்கொண்டு அவர் சாலையைக் கடந்தார். என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று நானும் கடையை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் போனேன். உள்ளே இருந்த காவலர் எழுந்து நின்று, "சத்தியமா பேப்பர் இல்ல மேடம்" என்றார். பார்த்தால் பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. மேடம் சுற்றிலும் பார்த்தார். மூலையில் பொதுமக்களுக்குக் கொடுப்பதற்காக அச்சடித்த விழிப்புணர்வு நோட்டீஸ் கட்டுக்கட்டாகக் கிடந்தது. முன்பக்கம் 'உங்கள் உடைமைகளைப் பத்திரமாகப் பாதுகாத்துக்கொள்ளுங்கள்' என்று இருந்தது. பின்பக்கம் வெள்ளை. பெரியவரின் புகார் அதன் பின்பக்கத்தில் எழுதப்பட்டது. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ரசீதும் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் மேடம் நாற்காலியை விட்டு எழுந்தார்.

வெளியே வரும்போது அந்தக் காவலரின் தோளைத் தட்டி, "உன்னக் குத்தம் சொல்லலப்பா. நானும் இதே சீட்ல உக்காந்து இதே மாதிரி கேட்டவதான். ஒவ்வொரு வாட்டியும் நாக்கு கூசும்" என்றார். என்னிடம், "மேலிடத்துக்கு எழுதப் போறேன், உன் பொழப்புல மண்ணு விழும், கோச்சிக்காத" என்றார். சொன்னபடியே எழுதினார். எழுதிக்கொண்டே இருந்தார். ஒருநாள் நிஜமாகவே ஒரு வேனில் பேப்பர் வந்து இறங்கியது. கொஞ்ச நாள் என் பாடு திண்டாட்டமாக இருந்தது. பிறகு அந்தப் பேப்பர் தீர்ந்தது, எனக்குப் பழையபடி விடிந்தது. "ஒருக்கா குடுத்தா போதும்னு நெனைக்கிறானுங்க. ஸ்டேஷன் என்ன கல்யாண வூடா, ஒருநாள் செலவோட முடியறதுக்கு?" என்று மேடம் மறுபடியும் எழுத உட்கார்ந்தார்.

காவல் துறைக்குப் பணம் போதவில்லை என்பதை அவர் அளவுக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னவர்கள் யாரும் இல்லை. சிரித்துக்கொண்டே சொன்னாரே தவிர அவருக்கு அது சிரிப்பு விஷயம் இல்லை. ஒரு பிக்பாக்கெட்காரனைச் செங்கல்பட்டு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன கதையை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். ஜீப்புக்கு டீசல் இல்லை. பஸ்ஸில் கூட்டிப்போ என்றார்கள். பயணப்படி பிறகு வரும், அதுவும் எப்போது வரும் என்று தெரியாது. மேடம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு தாம்பரத்தில் ஏறினார். கண்டக்டர் இருவருக்கும் டிக்கெட் கேட்டார். மேடம் நீட்டிய நோட்டுக்குச் சில்லறை இல்லை என்று கண்டக்டர் முறைத்தார். கைதி, "பேஜாரா கீது மேடம், எல்லாரும் நம்பளையே பாக்கறாங்க" என்று சொல்லித் தன் பாக்கெட்டிலிருந்து இருவருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டான். வண்டலூர் தாண்டுகிற வரைக்கும் மேடம் அந்த டிக்கெட்டையே பார்த்துக்கொண்டு வந்தாராம்.

"அப்புறம் கோர்ட்ல அவனுக்கு எதிரா சாட்சி சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"சொன்னேன். மொதல்ல வெளிய டீக்கடையில சில்லறை மாத்தி அவன் காசக் குடுத்துட்டுச் சொன்னேன். என் டிக்கெட்ட மட்டும் இல்ல, அவன் டிக்கெட்டையும். கைதியக் கோர்ட்டுக்குக் கொண்டுபோற செலவு சர்க்கார் செலவு. அவன் குடுத்தா அது லஞ்சம். நான் குடுத்தா அது ஏமாளித்தனம். ஏமாளியா இருந்துட்டுப் போறேன்னு விட்டுட்டேன்."

இந்த மனுஷியோடுதான் நம் சங்கம் பெட்ரோல் விஷயத்தில் மோதியது. காய்கறி வண்டி அருகே நின்ற ஏகாம்பரம் அண்ணனின் மைத்துனியிடமிருந்து யாரோ சங்கிலியை அறுத்துக்கொண்டு பைக்கில் போனான். நகரே கதிகலங்கிப் போயிற்று. பொதுக்குழு கூடியது. ஒருவர் வீட்டுக்கு வீடு கேமரா என்றார். ஒருவர் வெளியாள் யாரும் நுழையக் கூடாது என்றார். அவரே அந்த மாதம்தான் குடிவந்திருந்தார். இன்னொருவர் பார்த்த இடத்தில் சுட வேண்டும் என்று சொல்லிவிட்டு, இரைச்சல் தாங்காமல் தன் காதுக் கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். கடைசியில் ஏகாம்பரம் அண்ணன் எழுந்தார். இந்த நகரில் பாதி மனை ஒரு காலத்தில் அவருடைய தாத்தாவின் வயல். அந்த உரிமையில் எந்தக் கூட்டத்திலும் கடைசியாக அவர்தான் பேசுவார். ரோந்து பைக்குக்கு நாமே பெட்ரோல் போடுவோம், சாலைத் தடுப்புகளையும் நாமே வாங்கிக் கொடுப்போம் என்றார். எல்லாரும் கைதட்டினோம். மேடம் எழுந்தார்.

"ஏகாம்பரம் சார், ஸ்டேஷன்ல பெட்ரோல் பத்தலங்கறது நிஜம். நான் இல்லன்னு சொல்லல. சர்க்கார கேளுங்க. எல்லாரும் கையெழுத்துப் போடுங்க, நானே எடுத்துட்டுப் போய்க் குடுக்கறேன். நீங்க ஊத்தினீங்கன்னா வண்டி உங்க வீட்டையேதான் சுத்தும்."

"சுத்தட்டுமே மேடம். அதுக்குத்தானே ஊத்தறோம்" என்றார் அண்ணன். அவர் கள்ளம் கபடம் இல்லாதவர். மறுபடியும் கைதட்டினோம்.

மேடம் உட்காரவில்லை. "நீங்க குடுத்தா அது உங்க போலீசு. சர்க்கார் குடுத்தா அது எல்லாருக்கும் போலீசு. ஏரிக்கரையில இருக்கறவங்க எங்க போவாங்க? உங்க வூட்ல பாத்திரம் தேக்கறது, சுண்ணாம்பு அடிக்கறது எல்லாம் அவங்கதானே? அவங்களால பெட்ரோல் ஊத்த முடியுமா?" என்றார். பதிலுக்கு ஓட்டெடுப்புக்கு விட்டார்கள். எதிர்த்து ஒரே ஒரு கை உயர்ந்தது. அந்தக் கை வெகுநேரம் இறங்கவில்லை.

சாலைத் தடுப்பு ஒன்றுக்கு நானும் பொறுப்பேற்றுக்கொண்டேன். 'பாலு ஜெராக்ஸ், கலர் பிரிண்ட் உண்டு' என்று மஞ்சள் எழுத்தில் பெரிதாகப் போடச் சொன்னேன். அதை நகர் வாசலில் குறுக்கே வைத்த முதல் நாளே, அதே தடுப்பில், ஹெல்மெட் இல்லை என்று என்னை நிறுத்தி அபராதம் போட்டார்கள். "யோவ், இது என் பேரிகேட்யா" என்றேன். "அப்படியா சார், பிரிண்ட் நல்லா வந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே காவலர் ரசீதை நீட்டினார். எதிரே முருங்கைக்கீரை வாங்கிக்கொண்டிருந்த மேடம் கீரையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

ரோந்து வண்டி நன்றாகவே சுற்றியது. ஏகாம்பரம் அண்ணன் வீட்டு வாசலில் நின்று, கையெழுத்துப் புத்தகத்தில் எழுதி, காபி குடித்துவிட்டு, மறுபடியும் சுற்றியது. நமக்கெல்லாம் பெருமையாக இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் அண்ணன் வீட்டுத் தாழ்வாரத்தில் நானும் காவலரும் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். காவலரின் போன் அடித்தது. "ரவுண்ட்ஸ்ல இருக்கேம்மா, முடிச்சிட்டு வரேன்" என்று சொல்லி வைத்தார். யாரென்று நான் கேட்கவில்லை. பஜ்ஜி சூடாக இருந்தது.

கூப்பிட்டவள் ஏரிக்கரையில் டிபன் கடை வைத்திருக்கும் செல்வி. குடித்துவிட்டு வந்த நாலைந்து பேர் கடையில் சாப்பிட்டுவிட்டுக் காசு கேட்டதற்கு அடுப்பை உதைத்துச் சாம்பாரைக் கொட்டினார்கள். அவள் முழங்காலுக்குக் கீழே வெந்துபோயிற்று. காவலர் போய்ச் சேர்ந்தபோது கொட்டிய சாம்பாரை அவள் மாமியார் கழுவிக்கொண்டிருந்தார். மறுநாள் மேடம் செல்வியை மருத்துவமனைக்கு அழைத்துப்போனார், பிறகு நிலையத்துக்கு, பிறகு நேராக அண்ணன் வீட்டுக்கு. அங்கே நானும் இருந்தேன்.

"நேத்து வண்டி எங்க இருந்தது?" என்றார்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "இங்கதான் மேடம்."

"திருடன் வந்தானா இங்க?"

"இல்ல மேடம்."

"அங்க வந்தானுங்க."

இவ்வளவுதான் பேச்சு. அவர் கத்தியிருந்தால் எங்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். செல்வி நொண்டிக்கொண்டே வாசலில் நின்றாள். உள்ளே வா என்று நாங்கள் யாரும் சொல்லாததால் அவள் வரவில்லை.

அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் மனசு கேட்காதபோது அவருக்குத் தெரிந்த ஒரே காரியம் எதையாவது வாங்குவது. இரும்பு ஷீட்டில் செய்த போலீஸ் பூத் ஒன்றை ஆர்டர் கொடுத்துவிட்டார். நான்கு பக்கமும் சங்கத்தின் பெயர். திறந்து வைக்கத் துணை ஆணையர். இடம்? நகர் வாசலில், பெயர் போட்ட நுழைவு வளைவுக்குப் பக்கத்தில், செம்பருத்திச் செடிக்கு முன்னால். மேடம் ஏரிக்கரை பஸ் நிறுத்தத்தில் வையுங்கள் என்று சொல்லிப் பார்த்தார். "அங்க வெச்சா நம்ம பேர யாரு மேடம் பாப்பாங்க?" என்றார் அண்ணன். அழைப்பிதழ் நான்தான் அடித்தேன். ஆர்ட் பேப்பரில்.

திறப்பு விழா அன்று காலை பூத்தை ஏற்றிய லாரி வண்டலூர்ப் பக்கமிருந்து வந்தது. நகர் வாசலுக்கு வருகிற நேர் சாலையில் கால்வாய் தோண்டிப் போட்டிருந்ததால் ஏரிக்கரை வழியாகத்தான் வர முடியும். எனக்குத் தெரிந்தது மேடத்துக்கும் தெரிந்திருந்தது. லாரியைக் காணோமே என்று நான் ஸ்கூட்டரில் தேடிப்போனபோது பூத் கிரேனின் கொக்கியில் ஏரிக்கரை பஸ் நிறுத்தத்துக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. கீழே காட்டன் புடவையில் மேடம், கையை உயர்த்தி, பந்தோபஸ்து நிற்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

கிரேன்காரர் மேலிருந்து, "இன்னாம்மா, பில்லுல நகர் வாசல்னு கீது. நீ இங்க எறக்கச் சொல்ற?" என்றார்.

"பில்லு போட்ட அப்புறம் எடம் மாறிடுச்சு. ரைட்ல வா. இன்னும் ரைட்ல. செல்வி, பெஞ்ச நகத்து."

"ஆபீசரா நீ?"

"என்னப் பாத்தா எப்பிடித் தெரியுது?"

கிரேன்காரர் பார்த்தார். பூத்தை இறக்கினார். என்னைக் கண்டதும் மேடம், "பாலு, சும்மா நிக்காத. அந்தப் பக்கம் வர்ற வண்டிய நிறுத்து" என்றார். சங்கத்தின் இணைச் செயலாளர் நான். பூத்தைப் பத்திரமாக நகர் வாசலில் சேர்க்க வேண்டியவன். போய்க் கையை நீட்டி பஸ்ஸை நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று இன்றுவரை அண்ணன் கேட்கிறார். அந்தக் குரலைக் கேட்டால் கை தானாக நீண்டுவிடும் என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை.

நகர் வாசலில் பந்தல், நாதஸ்வரம், வாழைமரம். அதற்குள் துணை ஆணையரின் வண்டி, அவருக்கும் வேறு வழி இல்லாததால், ஏரிக்கரை வழியாகவே வந்தது. வழியில் சங்கத்தின் பெயர் போட்ட பூத்தைப் பார்த்ததும் நின்றது. அவர் இறங்கினார். செய்தி போய், ஏகாம்பரம் அண்ணன் பட்டு வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கத்தரிக்கோல் தட்டோடு ஓடி வந்தார். பின்னால் நாதஸ்வரக்காரர்கள் வாசித்துக்கொண்டே ஓடி வந்தார்கள்.

துணை ஆணையர் அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எல்லா சங்கமும் அவங்கவங்க வாசல்லதான் வைப்பாங்க. நீங்க தேவைப்படற இடத்துல வெச்சிருக்கீங்க சார். இதுதான் பெரிய மனசு" என்றார். அண்ணன் பூத்தைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், செல்வியின் காலில் சுற்றியிருந்த கட்டைப் பார்த்தார். பிறகு கும்பிட்டு, "மக்கள் சேவைதானே சார்" என்றார். அந்தப் போட்டோவைத்தான் தன் வீட்டு ஹாலில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

ரிப்பன் வெட்டியதும் மேடம் துணை ஆணையரிடம், "சார், இதுவே கடைசி. இனிமே பொதுமக்கள்கிட்ட பூத்து, பெட்ரோல், பேப்பர்னு ஒண்ணும் வாங்காதீங்க. டிபார்ட்மெண்ட்ல கேட்டு வாங்குங்க. இதுக்கு ஆள் மட்டும் போடுங்க. ஆள் இல்லாத பூத்து காக்கா உக்காரத்தான்" என்றார். அவர் சிரித்துவிட்டு, ஆளைப் போட்டார். காவலர் இருக்கிறாரா என்று பார்க்க மேடம் தினமும் அந்தப் பக்கம் நடக்கப் போனார். டாக்டர் நடக்கச் சொன்னார் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்வார். டாக்டர் சொன்னதோ நம் நகர்ப் பூங்காவில் நடக்க.

இதையெல்லாம் படித்துவிட்டு அவர் காவலர்களின் விரோதி என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். தலைவர்கள் யாராவது ஜி.எஸ்.டி. சாலையில் வருகிறார்கள் என்றால் பெண் காவலர்களை விடிகாலையில் கொண்டுவந்து வெயிலில் நிறுத்திவிடுவார்கள். அவர்கள் ஒதுங்க ஓர் இடம் இருக்காது. அன்றைக்கெல்லாம் மேடத்தின் வீட்டு கேட் திறந்தே கிடக்கும். காக்கிச் சட்டைப் பெண்கள் வரிசையாக வந்துபோவார்கள். அக்கம்பக்கத்தில் ரெய்டு என்று நினைத்துக்கொள்வார்கள். "காலையில இருந்து தண்ணி குடிக்காம நிக்கறா பாரு, பாத்ரூம் போவணுமேன்னு. அவகிட்ட போய் ஒருத்தி புகார் சொன்னா எப்பிடிக் காது குடுத்துக் கேப்பா? போலீசத் திருத்தணும்னு டிவியில கத்தறாங்களே, மொதல்ல ஒரு கக்கூஸ் கட்டட்டும், பாதி திருந்திடும்" என்பார். மீதிப் பாதிக்கு என்ன வழி என்று கேட்டேன். "அதுக்கு வாரத்துல ஒருநாள் லீவு. அதுக்கு மேலயும் திருந்தலன்னா என்கிட்ட அனுப்பு" என்றார்.

அவருடைய இரங்கல் கூட்டம் நம் சங்கக் கட்டடத்தில் நடந்தது. வந்திருந்தவர்களுக்கு இடம் போதவில்லை. நாற்காலி உறுப்பினர்களுக்கு என்று யாரோ சொல்லிவிட்டதால் ஏரிக்கரைக்காரர்கள் வாசலில் நின்றார்கள். ஏகாம்பரம் அண்ணன் படத்துக்கு மாலை போட்டுவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். மேடத்தின் நினைவாக, அவர் உயிரையே வைத்திருந்த ஏரிக்கரை பூத்துக்குச் சங்கத்தின் சார்பில் ஏ.சி. போடுவது. கீழே அவர் பெயரில் ஒரு பித்தளைத் தகடு. எல்லாருடைய கையும் உயர்ந்தது. அழுதுகொண்டே உயர்த்தினார்கள்.

நான் படத்தைப் பார்த்தேன். அந்த அம்மாவின் பெயராலேயே அந்த அம்மாவுக்குப் பிடிக்காத காரியத்தைச் செய்யப் போகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எதிர்ப்பு" என்றேன்.

"யோவ் பாலு, இரங்கல் கூட்டத்துல எதிர்ப்பா?" என்றார் ஒருவர். செத்தவருக்குச் செய்வதைக்கூடத் தடுக்கிறான் பார் என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. நாம் கொடுத்தால் அது நம் போலீஸ் ஆகிவிடும் என்று மேடம் சொன்னதை நான் சொல்லப் பார்த்தேன். அவர் சொல்லும்போது கச்சிதமாக இருந்தது, என் வாயில் குழறியது. உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

வாசலிலிருந்து செல்வி பேசினாள். "ஏ.சி. போட்டா கதவ சாத்திடுவாங்களே சார். இப்ப தொறந்து கீது. நான் கடையில நின்னுகினே கூப்ட்டா உள்ள கீற போலீசுக்குக் கேக்குது."

நீ உறுப்பினர் இல்லையே என்று யாராவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. ஏகாம்பரம் அண்ணன் படத்தைத் திரும்பிப் பார்த்தார். "இருக்கும்போதும் ஒரு தீர்மானம் நிம்மதியாப் போட விட்டதில்ல இந்தம்மா. இப்பவுமா?" என்றார். இரங்கல் கூட்டத்தில் எல்லாரும் சிரித்துவிட்டோம். அண்ணன் தீர்மானத்தைக் கிழித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்து, "உள்ள வாம்மா" என்றார்.

கூட்டம் முடிந்து ஏரிக்கரை வழியாக வீட்டுக்கு நடந்தேன். பூத்துக்குள் காவலர் வேர்வையில் சட்டை நனைய உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வாசலுக்கு வந்து, "சார், ஏ.சி. வருதாமே?" என்று ஆசையாகக் கேட்டார்.

"வரல."

"ஏன் சார்? யாரு வேணாம்னது?"

மழுப்பியிருக்கலாம். சங்கத்தின் முடிவு என்று சொல்லியிருந்தாலும் பொய் இல்லை. "நான்தான்" என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. பாவமாகத்தான் இருந்தது, வெயில் எல்லாருக்கும் ஒன்றுதானே. சங்கம் வாங்கித் தராது, ஆனால் ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுத்து ஒரு மின்விசிறி கேட்டு வாங்கித் தருவது என் பொறுப்பு, கிடைக்கிற வரைக்கும் போவேன் என்று சொல்லிவிட்டேன். மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். நல்ல மனசோடு எல்லாரும் கொடுக்கிற ஒன்றை ஒரே ஆளாக வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதனால் வேர்க்கிறவரின் முகத்தை நேராகப் பார்த்து நிற்பது. திரும்பி நடந்துவிடலாம் போல இருந்தது. மேடத்துக்கும் அப்படி இருந்திருக்குமோ என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக யோசித்தேன்.